உருத்துலக்கியின் நிறமும் ஆற்றலும்

ஒளிப்படச் சுருளில் ஒளி பதிக்கும் விம்பம் முதலிற் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஒளிபட்ட வெள்ளி ஏலைட்டுப் பளிங்குகளை மாத்திரம் உலோக வெள்ளியாகத் தாழ்த்தி அதனை வெளிக்கொணர்வது, ஒளிப்படக் கூடங்களில் 'டெவலப்பர்' என வழங்கும் உருத்துலக்கியே. அது பழுதுற்றிருப்பின் படம் மீளாது. 1956ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமிமலையை அடுத்த கடலில் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். வில்சன் அவற்றைப் படம்பிடித்தார். கடலடிச் சான்று கரையேறியபின்னும் ஒரு போத்தற் கரைசலின் நன்னிலையை நம்பியே இருக்கவேண்டியிருந்தது. அந்நன்னிலையை எவ்வாறு அறிவது? நிறத்தைக் கொண்டு தீர்மானிப்பதே வழக்கம். அது பிழையான அளவுகோல் என்பதை இரசாயனம் காட்டுகின்றது.

கொடக் நிறுவனம் 1920களில் வெளியிட்ட டீ-76 என்னும் கரைசலை எடுத்துக்கொள்வோம். அதன் ஓர் இலீற்றரில் மெற்றோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம், ஐதரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம் உள. வளியிலுள்ள ஒட்சிசன் ஐதரோகுவினோனை ஒட்சியேற்றுகையில், விளைபொருளைச் சல்பைற்று பற்றி நிறமற்ற சல்பொனேற்றாக மாற்றுகின்றது. உடன்விளைவாகச் சோடியம் ஐதரொட்சைட்டு தோன்றுகின்றது. சிறிதளவான வெண்காரத்தால் இக்காரத்தன்மையை முற்றாகத் தாங்க இயலாது, பீ.எச். பெறுமானம் உயர்கின்றது. ஆகவே பழைய கரைசல் வலுவிழப்பதற்கு முன்னர், தெளிவாக இருந்தவாறே, கூடுதல் வேகத்துடன் தொழிற்பட்டு எதிர்ப்படத்தை அளவுக்கு மீறிக் கறுக்கச் செய்யும். சல்பைற்றுத் தீர்ந்த பின்னரே கபில நிறம் மிகும்.

இருபுறமும் எதிர்ச்சான்றுகள் உள. 1891இல் அறிமுகமான ரொடினால், வன்காரத்திற் கரைந்த பராஅமினோபீனோலின் செறிகரைசல். அது கருஞ்சிவப்பாக மாறியும் பல ஆண்டுகள் தொழிற்படும். மாறாக, உயிர்ச்சத்து 'சி' எனப்படும் அசுக்கோபிக்கமிலத்தின் உப்புகளைக் கொண்ட கரைசல்கள் நீரிலுள்ள இரும்பு, செம்பு அயன்களின் ஊக்கலால் நிறமாற்றமின்றியே திடீரெனச் செயலிழக்கக்கூடும். இதனாலேயே அவற்றில் உலோக அயன்களைப் பிணைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன.

டீ-76 நிரம்பிய, இறுக மூடிய போத்தலில் 6 மாதமும், பாதி நிரம்பியதில் 2 மாதமுமே நிலைக்கும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. வெப்பநிலை 10 பாகை உயர, தாக்கவேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவிதி. ஆண்டின் பெரும்பகுதியிற் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும் திருகோணமலையில், இக்காலத்தைப் பாதியாகக் கொள்வதே பாதுகாப்பானது.

பரிகாரங்கள் எளியவை. கொதிக்கவைத்து ஆறிய நீர் கரைந்த ஒட்சிசனைக் குறைக்கும். சிறு கண்ணாடிப் போத்தல்களில் விளிம்புவரை நிரப்பினால் வளிக்கு இடமிராது. எல்லாவற்றிலும் மேலாக, ஒளிபட்ட சுருள் துண்டு ஒன்றை வழக்கமான நேரம்வரை கரைசலில் அமிழ்த்துக. கறுக்காவிடின் கரைசல் இறந்ததாகும். மிகைவேகத்தை அறிய, சீராக ஒளியூட்டிய இரு துண்டுகளைப் புதிய கரைசலிலும் பழையதிலும் இட்டு ஒப்பிடுக. சுருளோ ஒருமுறையே துலக்கப்படுவது. சோதனை அதற்கு முந்தவேண்டும்.