ஊற்றுமலை அரண்மனையும் காவடிச்சிந்தும்

ஊற்றுமலை ஜமீனின் தலைநகரமாக இருந்தது வீரகேரளம்புதூர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு ஆட்சி செய்த ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் தமிழ்ப் புலவர்களை ஆதரித்தவர். அவரது அவைப் புலவர்களில் ஒருவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்.

ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, உடன் சென்ற ரெட்டியார் வழிநடைக்காகப் பாடியவையே காவடிச்சிந்துப் பாடல்கள். காவடியைத் தோளில் சுமந்து ஆடிச் செல்பவரின் கால்வைப்புக்கு இசைந்த சந்தம் இவற்றுக்கு உண்டு. எதுகையும் இயைபும் அடுக்கடுக்காக வந்து விழும். பாடுபவர் மூச்சுவிட இடம் தேட வேண்டும். வழிநடையாகப் பாடும் சிந்து மக்களிடம் முன்பே வழங்கியது. அதற்குப் புலமையின் செறிவைத் தந்து, தெருவின் துள்ளலையும் குறையாமல் காத்தது ரெட்டியாரின் தனிச் சாதனை.

அவர் 30 வயதை எட்டும் முன்பே மறைந்தார். பாடல்கள் நிலைத்தன. சிந்து வடிவத்தைப் பின்னர் பாரதியார் நாட்டு விடுதலைப் பாடல்களுக்கும் எடுத்துக்கொண்டார். காவடிச்சிந்து இன்று முருகன் கோயில் விழாக்களில் மட்டுமின்றிக் கர்நாடக இசை மேடைகளிலும் பாடப்படுகிறது. இந்தப் பாடல்களை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். அவற்றின் வேகம் அப்போதுதான் தெரியும்.