பெயர் தெரியாத பாட்டைக் கைப்பேசி கண்டுபிடிப்பது எப்படி?

பாட்டின் முதல் அடியோ படத்தின் பெயரோ தெரியாதபோது எழுத்தால் தேடுவது பயன் தராது என்பதால், ஒலியையே கேள்வியாகக் கொள்ளும் கருவிகள் கடந்த கால் நூற்றாண்டில் உருவாயின. இவற்றுள் பலரும் அறிந்த ஷசாம், பிரிட்டனில் 2002இல் ஒரு தொலைபேசிச் சேவையாகத் தொடங்கியது: 2580 என்ற எண்ணை அழைத்து, பாட்டு ஒலிக்கும் பக்கமாகக் கைப்பேசியைப் பிடித்தால், சற்று நேரத்தில் அதன் பெயர் குறுஞ்செய்தியாக வரும். அது 2008இல் செயலியாகி, 2018இல் ஆப்பிள் நிறுவனத்தின் உடைமையானது. நிறுவனர்களுள் ஒருவரான ஏவரி வாங், கருவியின் கணக்குமுறையை 2003இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டதால், அதன் உள்வேலை ஒன்றும் மர்மமில்லை.

எந்த நொடியில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக ஒலிக்கிறது என்பதைக் காட்டும் படத்தை நிறமாலை வரைபடம் என்பர். அதில் சுற்றியுள்ளவற்றைவிட வலுவான உச்சப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றையெல்லாம் ஷசாம் கழித்துவிடுகிறது. தேநீர்க் கடைப் பேச்சும் பேருந்து இரைச்சலும் கலந்தாலும் இந்த உச்சங்களில் கணிசமானவை அழியாமல் நிற்கும் என்பதே காரணம். பின்னர் அருகருகே உள்ள புள்ளிகள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டு, இரண்டின் அதிர்வெண்களும் இடைப்பட்ட நேரமும் சேர்ந்து ஒரு குறியெண் ஆகின்றன. ஒரு பதிவிலிருந்து கிடைக்கும் இத்தகைய குறியெண்களின் தொகுதியே அதன் ஒலிக் கைரேகை. தனியொரு குறியெண் பல பாட்டுகளில் தற்செயலாக அமையக்கூடும் ஆதலால், கருவி காலக்கணக்கைக் கொண்டே முடிவுக்கு வருகிறது: கைப்பேசி கேட்ட துணுக்கின் 3ஆம் நொடியில் உள்ள குறியெண் சேமிப்பிலுள்ள பதிவின் 63ஆம் நொடியிலும், 4ஆம் நொடியில் உள்ளது 64ஆம் நொடியிலும், 5ஆம் நொடியில் உள்ளது 65ஆம் நொடியிலும் கிடைத்து, வித்தியாசம் திரும்பத் திரும்ப 60 என்றே வருமானால், ஒலிப்பது அந்தப் பதிவேதான்.

ஆகவே இம்முறை அடையாளம் காண்பது பாட்டை அன்று, பதிவை மட்டுமே. அதே பாடகர் அதே பாட்டை மேடையில் பாடினாலும் புள்ளிகள் இடம் மாறிவிடுவதால் கருவி பெரும்பாலும் கைவிரித்துவிடும். (நேரடி நிகழ்ச்சி என்று விளம்பரம் செய்த மேடையில் கைப்பேசி சட்டென்று விடை சொன்னால், பாடகர் வாயசைக்கிறாரோ என்று ஐயுறலாம்.)

மனத்தில் மெட்டு மட்டும் தங்கியிருப்பவருக்கு வேறு வழி வேண்டும். டெனிஸ் பார்சன்ஸ் 1975இல் வெளியிட்ட அச்சு நூல், மெட்டின் ஒவ்வொரு ஸ்வரமும் முந்தையதைவிட ஏறுகிறதா, இறங்குகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று மட்டும் குறித்து, அந்த வரிசையில் மெட்டுகளை அடுக்கியது. 1995இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முணுமுணுப்பைக் கொண்டு கணினியில் தேட இதே எண்ணத்தைக் கையாண்டனர். இரண்டாம் சரளி வரிசையின் தொடக்கமான ச ரி ச ரி ச ரி க ம என்பதை இம்முறையில் எழுதினால் ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம், பின் மூன்று ஏற்றங்கள் என்று அமையும். சுருதி பிசகப் பாடுபவருக்கும் இது இடம் கொடுக்கிறது. ஆனால் அதே வரிசையை மாயாமாளவகௌளையில் பாடினாலும் கல்யாணியில் பாடினாலும் குறியீடு மாறாது, அதாவது ராகம் முழுவதும் உதிர்ந்துவிடுகிறது. கூகுள் 2020 அக்டோபரில் அறிமுகம் செய்த முணுமுணுப்புத் தேடல், குரலின் தன்மையையும் வாத்தியங்களையும் நீக்கி மெட்டை மட்டும் ஓர் எண்தொடராக மாற்றக் கற்பிக்கப்பட்ட கணினி மாதிரியைப் பயன்படுத்துவதால் இதைவிட நுட்பமானது.

கர்நாடக இசையில் இவ்விரு வழிகளுமே தடுமாறுகின்றன. ஒரே கீர்த்தனையை ஒவ்வொருவரும் தமக்கேற்ற சுருதியில், தம் பாடாந்தரப்படி, நிரவலும் கற்பனை ஸ்வரமும் சேர்த்துப் பாடும்போது, ஒப்பிடுவதற்கு நிலையான மூலப்பதிவு என்று ஒன்று இல்லை. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கி, சென்னை ஐஐடியும் பங்கேற்ற காம்ப்மியூசிக் திட்டம், இதற்காகத் தம்புராவின் மீட்டொலியிலிருந்து பாடகரின் ஆதார ஷட்ஜத்தைக் கணிக்கும் வேலையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. ஷட்ஜம் கிடைத்தாலும் சிக்கல் தீராது: ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றே, ஆரபி விறுவிறுப்பாக நடக்க, தேவகாந்தாரி நீண்ட கமகங்களோடு குழைந்து செல்வதையும் இரண்டுக்கும் உரிய பிடிகளையும் கொண்டே ரசிகர் பிரித்தறிகிறார். எனவே எந்த ஸ்வரம் எத்தனை முறை வந்தது என்ற கணக்கோடு நில்லாமல், சொற்றொடர் போல மீண்டும் மீண்டும் வரும் பிடிகளைக் கணினி தேட வேண்டியுள்ளது.

பாட்டை அடையாளம் காண்பது இப்படியிருக்க, தேவகாந்தாரியில் தோய்ந்த ஒருவருக்கு அடுத்து எதைத் தருவது என்று தீர்மானிக்கும் பரிந்துரைக் கருவி பெரும்பாலும் ராகத்தைப் பார்ப்பதே இல்லை. இசைச் செயலியான ஸ்பாட்டிஃபை 2015 முதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தரும் 30 பாட்டுகளின் பட்டியலுக்கு முக்கிய அடிப்படை, ஒரே மாதிரிப் பாட்டுகளைக் கேட்பவர்களின் பட்டியல்களை ஒப்பிட்டு, ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாததை எடுத்துக் கொடுக்கும் கூட்டு வடிகட்டல் என்னும் முறை. இது கேட்பவர்களின் சுவை உறவை நன்றாகவே பிடிக்கிறது. ஆனால், எவரும் கேட்டிராத பதிவுக்கு ஒப்பிடத் தரவே இல்லாததால், சென்ற வாரம் முதல் பதிவை ஏற்றிய இளம் பாடகர் அந்த ராகத்தை எவ்வளவு செம்மையாகப் பாடியிருந்தாலும், அந்தக் கணக்கு மட்டுமே அவரை ரசிகரிடம் கொண்டு சேர்க்காது. ஒலியையே அலசும் எக்கோ நெஸ்ட் நிறுவனத்தை ஸ்பாட்டிஃபை 2014இல் வாங்கியது இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியது என்றாலும், அத்தகைய அலசல் முதன்மையாக அளப்பது வேகம், ஒலியின் உரப்பு, ஆட்டத்துக்கு ஏற்ற தன்மை போன்றவற்றையே.