நெகிழி வீடும் அதன் ஒட்டுப்பலகையும்: இலண்டன் ‘வருங்கால வீடு’ (1956)

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய பிரித்தானியாவில் பற்றாக்குறை நெடிது நீடித்தது. உணவுப் பங்கீடு 1954 சூலையில்தான் முற்றுப்பெற்றது; கட்டட உரிமக் கட்டுப்பாடும் அவ்வாண்டிலேயே நீங்கியது. ஈராண்டுகளுக்குள், 1956 மார்ச்சில், இலண்டன் ஒலிம்பியா அரங்கில் ‘டெய்லி மெயில்’ நாளிதழ் நடத்திய இலட்சிய இல்லக் கண்காட்சியில் ‘வருங்கால வீடு’ காட்சிக்கு வைக்கப்பெற்றது. அலிசன் சுமித்சன், பீட்டர் சுமித்சன் என்னும் கட்டடக்கலை இணையர் வடிவமைத்த அவ்வீடு, 1981இல் குழந்தையில்லாத் தம்பதியர் வாழ்வதற்குரியதாகக் கற்பனை செய்யப்பட்டது.

தரையிலிருந்து எழும் உணவுமேசை, தானே தன்னைக் கழுவிக்கொள்ளும் குளியல்தொட்டி முதலியன மக்களைக் கவர்ந்தன. எனினும் வீட்டின் அடிப்படைக் கருத்து அதன் அமைப்பிலேயே உள்ளது. புறச்சுவரில் சாளரம் இல்லை. அறைகள் யாவும் நடுவிலுள்ள முற்றத் தோட்டத்தை நோக்கின. இத்தகைய வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக அமைக்க இயலும். அவ்வாறு அமைப்பினும் அயலார் பார்வை உள்ளே விழாது. கண்காட்சியிலோ நிலைமை தலைகீழாயிற்று. பார்வையாளர்கள் வெளியே இரு மட்டங்களில் நடந்து, சுவர்த் திறப்புகள் வழியே உள்ளே எட்டிப்பார்த்தனர். இல்லத்தாராக நடித்தோர் அங்கே உலவினர். தனிமைக்கென வகுக்கப்பட்ட வீடு வேடிக்கைப் பொருளாயிற்று.

இத்தகைய வீடுகளின் முன்கணிப்புகளுள் எவை பலித்தன என்று எண்ணிப் பார்ப்பதே பொது வழக்கம். அவை எதனால் கட்டப்பட்டன என்று வினவுதல் அதனினும் பயன் தரும். வளைந்த சுவரும் தரையும் அச்சில் வார்த்த நெகிழியாகத் தோன்றின. உண்மையில் அவை ஒட்டுப்பலகையும் சாந்தும் வண்ணப்பூச்சுமே. மகிழுந்தின் உடற்பகுதிபோல ஆலையில் பெருந்தொகையாக வார்க்கப்படும் வீடே வடிவமைப்பாளர் கருத்து. அத்தகைய அச்சுகள் ஒற்றை வீட்டுக்குக் கட்டுபடியாகா. ஆகவே பொருள் கைவருமுன் அதன் தோற்றம் மட்டும் காட்டப்பட்டது. இதனை ஏமாற்று என்பது மிகை. முழு அளவிலான மாதிரியுரு என்பதே பொருந்தும்.

அடுத்த ஆண்டில், கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் மொன்சாண்டோ வேதிப்பொருள் நிறுவனம் திறந்த ‘வருங்கால வீடு’ இதற்கு நேர்மாறானது. நடுத்தூணிலிருந்து நான்கு புறமும் நீண்ட அதன் சிறகுகள் மெய்யாகவே கண்ணாடியிழை நெகிழியால் ஆனவை. தன் பொருளை விற்க முனைந்த நிறுவனத்துக்குத் தோற்றம் மட்டும் போதவில்லை. 1967இல் அதனை இடிக்க முற்பட்டபோது இடிகுண்டு சுவரில் மோதித் தெறித்தது. ஒரு நாளில் முடியுமெனக் கருதிய வேலை ஏறத்தாழ இரு வாரம் நீண்டது. கற்காரை அடித்தளம் மட்டும் அங்கேயே விடப்பட்டது.