மலைக்குள் ஒரு கானகம்

மலையின்மீது காடு அடர்ந்திருப்பதை யாவரும் அறிவர். மலையின் உள்ளேயே காடு தழைத்திருக்கிறதென்றால் வியப்பன்றோ? வியட்நாம் நாட்டின் நடுப்பகுதியில், லாவோஸ் எல்லையை ஒட்டிய போங்ஞா கேபாங் என்னும் காட்டில் அத்தகைய குகையொன்று உள்ளது. அதன் பெயர் சன் டூங் என்பதாகும்.

அக்காடு சுண்ணாம்புக்கல் மலைகள் நிறைந்தது. மழைநீர், காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. பாறை வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. வெடிப்பு விரிந்து வழியாகிறது. அவ்வழியே ஆறு புகுந்து மலையைக் குடைகிறது. இவ்வாறு பல இலட்சம் ஆண்டுகளில் குகை உருவாகிறது. பின்னர்க் கூரையிலிருந்து நீர் சொட்டும்போது, அதிலுள்ள வாயு வெளியேற, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. மேலிருந்து விழுதுபோல் தொங்குவனவும், கீழிருந்து புற்றுப்போல் எழுவனவும், இரண்டும் கூடித் தூணாய் நிற்பனவும் இத்தகைய படிவுகளே.

ஏறத்தாழ 1990ஆம் ஆண்டில், ஹோ கான் என்பவர் அகிற்கட்டை தேடி அக்காட்டில் திரிந்தார். புயல் வரவே, ஒரு பாறையருகே ஒதுங்கினார். அங்கிருந்த வாயிலினின்று கடுங்காற்று வீசியது. உள்ளே ஆறு முழங்கும் ஓசை எழுந்தது. அவர் உட்செல்லத் துணியவில்லை. ஊர் திரும்பியபின், அவ்விடத்திற்குச் செல்லும் வழியும் நினைவினின்று அகன்றது.

வாயிலில் காற்று விசையுடன் வீசுமாயின், உள்ளே பெருவெளி இருத்தல் கூடும் என்பது குகை ஆய்வாளர் அறிந்த உண்மை. ஆதலின், அப்பகுதியின் குகைகளை ஆராய்ந்துவந்த ஹோவர்டு லிம்பர்ட் என்னும் ஆங்கிலேயரும் அவர் குழுவினரும் ஹோ கானின் சொல்லைப் பொருட்படுத்தினர். அவரும் தளராது தேடி, 2008ஆம் ஆண்டில் வாயிலை மீண்டும் கண்டார். மறு ஆண்டில் குழுவினரை அங்கு அழைத்துச் சென்றார்.

குழுவினர் கயிறு பற்றி இறங்கினர். இருளில் ஆறுகளைக் கடந்தனர். ஒவ்வொரு பகுதியின் நீளத்தையும் திசையையும் சரிவையும் அளந்து குறித்தனர். சில இடங்களில் குகையின் உயரம் ஏறத்தாழ 200 மீட்டர்; அகலம் 150 மீட்டர். கூரை இடிந்து வீழ்ந்த இரண்டு இடங்களில் கதிரவன் ஒளி புகுவதால், உள்ளே மரங்கள் ஓங்கி வளர்ந்திருந்தன. இறுதியில், சேறு படிந்த உயர்ந்த கற்சுவர் ஒன்று வழியை மறித்தது. குழுவினர் திரும்பினர். ஆயினும் 2010ஆம் ஆண்டில் மீண்டும் வந்து சுவர்மீதேறி, மறுபுற வாயிலைக் கண்டனர். குகையின் நீளம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் எனத் தெரிந்தது.

துளித்துளியாய் நீர் படைத்த தூணை ஒருவர் கைபட்ட நொடியில் முறித்துவிடலாம். மீண்டும் படைக்க எவராலும் இயலாது. எனவே, ஆண்டுதோறும் சிலரே, வழிகாட்டிகளுடன், உட்செல்ல அனுமதிக்கப்படுகின்றனர். காட்டை அறிந்தவரின் நினைவும், அளந்தறிவோரின் பொறுமையும் கூடியதால் அக்குகை உலகிற்குத் தெரியவந்தது. அதனைக் காத்தலும் அவ்வாறே பலர் கூடி ஆற்றவேண்டிய கடமையாகும்.