அறுபதிலும் வளரும் மனம்

குழந்தையின் எடையை மாதாமாதம் குறித்து வைக்கிறோம். நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறோம். பிறரோடு பழகும் திறன், கோபத்தைக் கையாளும் பக்குவம், இழப்பைத் தாங்கும் வலு ஆகியவையும் வயதோடு வளர வேண்டியவைதான். அவை எப்படி இருக்கின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. புதுச்சேரிக்காரர்கள் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் லட்சத்துக்கு 10.6 பேர் தற்கொலையால் இறந்தார்கள், புதுச்சேரியில் 43.2 பேர்.

மன வளர்ச்சி குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுவதில்லை. உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். அவற்றில் மூன்று, இருபது வயதுக்குப் பிறகு வருபவை.

வேற்றுமுகம் பார்க்கும் வயது

ஆறு முதல் எட்டு வாரத்தில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும். எட்டாவது மாத வாக்கில் புதியவர் தூக்கினால் வீறிட்டு அழும். ‘வேத்துமுகம் பாக்குது’ என்று வீட்டில் சொல்வார்கள். தன்னைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று குழந்தை தெரிந்துகொண்டதற்கு அடையாளம் அது, கவலை வேண்டாம். ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ‘இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்று காத்திருக்க வேண்டாம்.

பிள்ளை பெற்றவளையும் கவனியுங்கள். இரண்டு வாரம் கடந்தும் அழுகை, தூக்கமின்மை, குழந்தை மேல் ஒட்டுதல் இல்லாமை தொடர்ந்தால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். அவளைத் திமிர் பிடித்தவள் என்று பேசுவது பெரும் கொடுமை.

பதின்பருவம்

பெரியவர்களிடம் காணும் மனநலப் பிரச்சினைகளில் ஏறத்தாழ பாதி, 18 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன. யோசித்து முடிவெடுக்க உதவும் முன்மூளை முதிர்ச்சியடைய இருபத்தைந்து வயது வரைகூட ஆகும். மகன் சீறி விழுவதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. நண்பர்களை விட்டு ஒதுங்குவது, பிடித்த விளையாட்டை நிறுத்துவது, மார்க் திடீரெனச் சரிவது, கையில் கீறிக்கொள்வது ஆகியவற்றைத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

மில் நின்ற பிறகு

நடுவயதில் மனிதருக்குத் தேவை, தன்னால் நாலு பேருக்குப் பயன் உண்டு என்ற நிறைவு. 1898இல் தொடங்கி, பல தலைமுறைக்குச் சோறு போட்ட முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில் 2020இல் மூடப்பட்டது. இப்படி வேலை போகும்போது சம்பளத்தோடு சேர்ந்து ஷிப்ட் நண்பர்கள், சங்கம், வீட்டில் இருந்த மதிப்பு எல்லாமே போகின்றன. நம் ஊரில் அந்த இடத்தை நிரப்பச் சாராயம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. குடி சிறிது நேரம் மரத்துப்போக வைக்கும். பிறகு மனச்சோர்வைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், தற்கொலை எண்ணத்துக்குத் துணிவு கொடுக்கும். வேலையிழந்த அண்ணனுக்கோ அப்பாவுக்கோ அறிவுரை சொல்வதைவிட, வீட்டில் ஒரு பொறுப்பைக் கொடுத்து அதில் அவர் பேச்சைக் கேளுங்கள்.

பிள்ளைகள் பிரான்சில், பெற்றோர் இங்கே

1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் பல. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தாக்களின் வீடுகளில் பென்சன் வரும், பிள்ளைகள் பாரிஸ் பக்கம் இருப்பார்கள். ‘அவங்களுக்கு என்ன குறை?’ என்று தெரு பேசும். பணம் இருக்கும் வீட்டில் தனிமை இருக்காது என்ற நினைப்பே அவர்களை இன்னும் தனியாக்குகிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளிலும் இதே நிலைதான்.

வயதாக ஆகப் பழக்க வட்டம் சுருங்குவது இயல்பு. அமெரிக்க உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் பல ஆண்டு ஆராய்ந்து சொன்னது: மீதமிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் நெருக்கமான சிலரையே தேர்ந்துகொள்கிறார்கள், அதில் மனநிறைவும் கூடுகிறது. அந்தச் சிலரும் இல்லாமல் போகும்போதுதான் ஆபத்து. சாப்பாடு குறைவது, விடியற்காலையிலேயே விழித்துக்கொள்வது, ‘இனிமே என்ன இருக்கு’ என்ற பேச்சு ஆகியவை முதுமையின் இயல்பல்ல; மனச்சோர்வின் அறிகுறிகள். மருந்தும் ஆலோசனையும் எழுபதிலும் பலன் தரும்.

காது கேட்காதவர் மெல்லக் கூட்டத்தை விட்டு விலகுவார். காது மந்தமாவது மறதி நோய்க்கான வாய்ப்பையும் கூட்டுகிறது. காது மெஷின் வாங்கித் தருவது மனநல உதவிதான். மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் ஓடாத கடற்கரைச் சாலைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிரான்சில் இருக்கும் பிள்ளைகளே, கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம்தான் வித்தியாசம். நீங்கள் மதியம் சாப்பிடும் வேளையில் அம்மா விழித்திருப்பார்.

எங்கே போகலாம்?

கோரிமேடு ஜிப்மரிலும் கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து தாமதிக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருதுகிறது. சிகிச்சை அளிக்கச் சொல்கிறது. எந்த நேரத்திலும், தமிழிலேயே, கட்டணமில்லாமல் பேசுவதற்கு ‘டெலி மானஸ்’ எண் 14416. வீட்டுப் பெரியவரின் போனில் இதை இன்றே பதிந்து கொடுங்கள்.