பகலில் மறைக்கும் வலை, இரவில் காட்டிக்கொடுக்கும்

காருக்கென்று கட்டிய இடத்தில் கார் மட்டுமே இருக்கும் வீடு நம் ஊர்களில் அபூர்வம். காலையில் வண்டி வெளியே கிளம்பியதும் கார் ஷெட்டில் வேறு பிழைப்பு ஆரம்பித்துவிடும். ஒரு வீட்டில் தையல் மிஷின் ஓடும். பக்கத்து வீட்டில் சாயங்காலம் பாய் விரித்து டியூஷன் நடக்கும். இன்னொன்றில் இட்லி மாவு கிரைண்டர். காதுகுத்து, வளைகாப்பு என்றால் பந்தியும் அங்கேதான்.

இத்தனைக்கும் தெருப்பக்கம் அப்படியே திறந்து கிடக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். ஷட்டரை இறக்கினால் உள்ளே வெந்து போகும். ஆகவே ஒரு பச்சை வலையோ மூங்கில் தட்டியோ வாங்கிக் கட்டுகிறார்கள். காற்று வர வேண்டும், வெளிச்சம் வர வேண்டும், ஆனால் பார்வை மட்டும் வரக்கூடாது. கேட்டால் பேராசையாகத் தோன்றும். ஆனால் பாதிக்குப் பாதி ஓட்டையாக இருக்கும் ஒரு வலை பகல் நேரத்தில் இதைச் செய்தே காட்டுகிறது. உள்ளே இருப்பவருக்குத் தெரு நன்றாகத் தெரிகிறது. தெருவில் போகிறவருக்கு வலைதான் தெரிகிறது. ஒரே ஓட்டை வழியாகத்தானே இருவரும் பார்க்கிறார்கள்?

ஒளி ஒரு பாதையில் இப்படிப் போக முடிந்தால், அதே பாதையில் அப்படியும் வர முடியும். ஒரு பக்கம் மட்டும் பார்க்கவிடுகிற மாயப்பொருள் எதுவும் வலையில் இல்லை. சினிமாவில் போலீஸ் விசாரணை அறையில் வரும் 'ஒருவழிக் கண்ணாடி'யிலும் இல்லை. அந்த அறையில் விளக்கைப் பிரகாசமாகப் போட்டு, அதிகாரி நிற்கும் பக்கத்தை இருட்டாக வைத்திருப்பார்கள். இரண்டு பக்க விளக்குகளையும் மாற்றிப் போட்டால் கைதி அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை செய்வது கண்ணாடி அல்ல, வெளிச்ச வித்தியாசம்.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது நமக்கு உறைப்பதில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். மேகமில்லாத நண்பகலில் வெயில் விழும் தரையில் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். அதே தெருவின் நிழலில் 10,000 முதல் 20,000 வரை. ஷெட்டுக்குள், பின்சுவர் ஓரமாக, சில நூறுகள்தான். இவ்வளவு ஏற்ற இறக்கத்தையும் கண் சத்தமில்லாமல் சரிக்கட்டிக்கொள்வதால் 'கொஞ்சம் இருட்டு' என்ற அளவில்தான் நமக்குப் படுகிறது.

ஒரு வெளிச்சத்தின் மேல் இன்னொரு சிறு வெளிச்சத்தைச் சேர்த்தால், எந்த அளவு வரை அது கண்ணுக்குத் தெரியும்? இதை முதலில் அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர். பூமியின் வடிவத்தை அளப்பதற்காகத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் பல வருடம் அலைந்தவர் இவர். ஆனால் இந்தச் சோதனைக்கு அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு வெள்ளைத் திரை, ஒரு குச்சி, அவ்வளவே. இரண்டு மெழுகுவர்த்தியும் திரையில் ஒளி பாய்ச்சும். ஒன்றின் முன் குச்சியை நிறுத்தினால் திரையில் அதன் நிழல் விழும். அந்த மெழுகுவர்த்தியை மெல்லப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனால் நிழல் வெளிறிக்கொண்டே வரும். மற்றதைவிட எட்டு மடங்கு தூரம் போனதும் நிழல் காணாமல் போயிற்று. தூரம் எட்டு மடங்கானால் ஒளி 64-இல் ஒரு பங்காகக் குறையும். ஆக, பின்னணி வெளிச்சத்தில் 64-இல் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும் எதையும் கண் கண்டுகொள்வதில்லை. பூகே 1758-இல் இறந்தார். இந்தச் சோதனையைச் சொல்லும் அவருடைய புத்தகம் 1760-இல் வெளிவந்தது.

இப்போது அந்த 64-ஐ நம் ஷெட் வாசலுக்குக் கொண்டுவருவோம். நிழல் விழுந்த தெருவில் 20,000 லக்ஸ். வாசலில் வெள்ளை வலை, பாதி நூல், பாதி ஓட்டை. வெள்ளை நூல் தன்மேல் விழும் ஒளியில் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்று வைத்துக்கொண்டால் 14,000 பங்கு. பரப்பில் பாதிதான் நூல் என்பதால் தெருவில் நிற்பவர் கண்ணுக்கு 7,000 பங்கு வந்து சேர்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் தையல்காரம்மா மேல் விழுவது 500 லக்ஸ். அவர் சேலை அதில் 40 சதவீதத்தைத் திருப்புகிறது, 200 பங்கு. அதிலும் பாதி நூலில் முட்டி நின்றுவிட, வெளியே வருவது 100. ஏழாயிரத்தில் நூறு என்றால் 70-இல் ஒரு பங்கு. பூகேயின் எல்லைக்குக் கீழே போய்விட்டது. அம்மா அங்கேதான் இருக்கிறார், அவரிடமிருந்து ஒளி வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் வலையின் பளபளப்பில் மூழ்கிப் போகிறது.

அதே வலை கறுப்பாக இருந்தால்? கறுப்பு நூல் ஐந்து சதவீதம் திருப்பினாலே அதிகம். 7,000 என்றிருந்தது 500 ஆகிவிடும். ஐந்நூறில் நூறு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, எந்தக் கண்ணுக்கும் தெரியும். கறுப்புதான் நன்றாக மறைக்கும் என்று நினைத்துக் கறுப்பு வலை கேட்டு வாங்குகிறவர்கள் நிறைய. உண்மை நேர்மாறு. ஜன்னல் கொசுவலையைக் கறுப்பிலும் கருஞ்சாம்பலிலும் செய்வதே அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்பதற்காகத்தான். கடைகளில் அதிகம் கிடைக்கும் பச்சை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

வெள்ளையிலும் ஒரு தொல்லை உண்டு. நேர் வெயில் பட்டால் நூலே ஒளிர ஆரம்பித்து, உள்ளிருந்து பார்ப்பவருக்கும் தெரு மங்கலாகிவிடும். தெருப்பக்கம் வெளிர் நிறம், உள்பக்கம் கறுப்பு என்றால் இரண்டு பேருக்கும் நியாயம். வலையில் இதைச் செய்வது கஷ்டம், மூங்கில் தட்டியில் சுலபம். ஒரு பக்கம் வெள்ளை பெயிண்ட், மறுபக்கம் கறுப்பு. பார்க்க அழகாக இருக்குமா என்று கேட்டால், அது வீட்டுக்காரர்களின் பாடு.

சூரியன் சாய்ந்ததும் கணக்கு தலைகீழாகிறது. தெருவிளக்கின் கீழ் சாலையில் பத்து இருபது லக்ஸ். ஷெட்டுக்குள் எல்.இ.டி. டியூப் போட்டால் நூறு, இருநூறு. பகல் முழுக்கக் காத்த வலை இப்போது இருப்பதே தெரியாமல் மறைந்துவிடும். உள்ளே இருப்பவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது, வெளியே போகிறவருக்கு எல்லாம் தெரியும். வலைக்குப் பதில் வெள்ளை வேட்டியைக் கட்டினால் அது தோல்பாவைக்கூத்து. அந்தக் கூத்தில் விளக்கு பின்னால், பாவை நடுவில், திரை முன்னால். பாவை திரையை ஒட்டி வரவர உருவம் கூர்மையாகும். பின்சுவரில் விளக்கைப் போட்டுவிட்டு, காற்றுக்காகத் திரையோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவர் தன்னையறியாமல் தெருவுக்கு நிழலாட்டம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

இதற்குக் கனமான திரை தேவையில்லை, விளக்கை இடம் மாற்றினால் போதும். மூடி போட்ட விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டு, வெளிச்சம் மிஷின்மேல் அல்லது புத்தகத்தின்மேல் மட்டும் விழும்படி செய்யலாம். வாசலுக்கு வெளியே சன்ஷேடின் அடியில் ஒரு சின்ன பல்பைப் பொருத்தி, வலையின் தெருப்பக்கத்தில் ஒளி வழியும்படி வைத்தால் இன்னும் நல்லது. பகலில் சூரியன் செய்த வேலையை இரவில் அந்த பல்பு செய்யும்.

ஒரு வலை போதாதென்று இரண்டாவதை மேலே கட்டுகிறவர்கள் ஒரு விநோதத்தைப் பார்த்திருப்பார்கள். காற்றில் வலைகள் லேசாக அசையும்போது அலை அலையாகப் பெரிய கோலங்கள் நெளிந்து ஓடும். இரண்டு நெருக்கமான கட்டங்கள் சற்றே விலகி ஒன்றின்மேல் ஒன்று படியும்போது, கண்ணுக்கெட்டாத சிறு விலகலையும் பெரிதாக்கிக் காட்டும் மொய்ரே கோலங்கள் அவை. ராலே பிரபு 1874-இல், கண்ணாடியில் நுணுக்கமாகக் கீறிய கோடுகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க இதையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். டியூஷன் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு வலையையே பார்த்துக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள்.

மறைப்பு போகட்டும், மழைக்கு வருவோம். இரண்டு மில்லிமீட்டர் துளி ஒன்று விநாடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. காற்றும் அதே வேகத்தில், அதாவது மணிக்கு 23 கிலோமீட்டர், வீசினால் மழை 45 டிகிரி சாய்ந்து வரும். ஐப்பசி மழையில் அந்தக் காற்று ஒரு பெரிய விஷயமே இல்லை. வாசலின் உயரம் எட்டடி என்றால் கணக்குப்படி சாரல் எட்டடி உள்ளே வரும். பின்சுவர் இருப்பதால் காற்று சற்றுத் தேங்கும், தூரம் குறையும். ஆனாலும் ஒன்றரை அடி சன்ஷேடு என்ன செய்துவிட முடியும்?

உடனே தார்ப்பாயை இழுத்துக் கட்டத் தோன்றும். மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரை சுமார் 14 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். பத்துக்கு எட்டடி தார்ப்பாய் ஏழரைச் சதுர மீட்டர், ஆக 100 கிலோவுக்கு மேல். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. தார்ப்பாய் ஓரத்து வளையங்கள் பிய்ந்து தொங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நெருக்கமான வலை காற்றில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மீதியின் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்த காற்றில் துளிகள் தள்ளிப் போகாமல் வாசலோரமாகவே விழுகின்றன. வலையில் மோதி உடையும் பொடிச்சாரல் கொஞ்சம் உள்ளே வரும். துணி தைக்கும் இடமென்றால் அதுவும் ஆகாது, டியூஷனுக்கு ஆகும்.

வெயிலுக்கு ஒரே விதி: திரை வாசலுக்கு வெளியே தொங்க வேண்டும். மேற்குப் பார்த்த வாசலில் மாலை நாலு மணி வெயில் சதுர மீட்டருக்கு சுமார் 600 வாட் வெப்பம் கொட்டும். முழு வாசலுக்கும் நாலு கிலோவாட்டுக்கு மேல். ஒன்றரை டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பமே ஐந்து கிலோவாட் சொச்சம்தான். உள்பக்கம் தொங்கும் திரை வெப்பம் நுழைந்த பிறகு அதை வாங்கிக்கொண்டு அறைக்குள்ளேயே வீசும். வெளித்தட்டி அதில் பெரும்பகுதியைத் தெருவுக்கே திருப்பிவிடும். தட்டி தரையிலிருந்து ஓரடி மேலே தொடங்கி, மேலேயும் ஓரடி இடைவெளி விட்டு நின்றால் சூடான காற்று மேல்வழியாகப் போகும், கீழ்வழியாகப் புதுக்காற்று வரும். தெருவில் நடப்பவரின் கண் ஐந்தடி சொச்சத்தில் இருக்கிறது. நடுப்பகுதியை மறைத்தாலே பெரும்பாலும் போதும். எதிர்வீட்டு மாடியில் ஆள் நின்றால்தான் மேல் இடைவெளி இடிக்கும்.

வெட்டிவேர் தட்டியை நனைத்துத் தொங்கவிடுவது பழைய வழக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 200 கனமீட்டர் காற்றைப் பத்து டிகிரி குளிர வைக்க அது போதும். ஆனால் காற்று காய்ந்திருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் மதுரையிலும் திருச்சியிலும் தட்டி வேலை செய்யும். சென்னைக் கடற்காற்றின் ஈரத்தில் வாசனைதான் மிச்சம்.

சத்தத்தை இவை எதுவும் தடுக்காது. வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசும் ரகசியம் தெருவுக்கு அப்படியே கேட்கும். பேச்சொலியின் அலைகள் சாண் கணக்கிலும் முழக் கணக்கிலும் நீளமானவை. ஓட்டையும் ஓரமும் இருந்தால் வளைந்து வந்துவிடும்.

கடைசியாக, விளையாட்டில்லாத ஒரு விஷயம். பிளாஸ்டிக் ஷீட், தார்ப்பாய், ஷட்டர் என்று ஷெட்டைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் அது பழைய கார் ஷெட் அல்ல. பெட்ரோல் இன்ஜின் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுதலோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தூக்கம் போல ஒரு மயக்கம், அதன்பின் எழுந்து நடக்கவே முடியாது. கரண்ட் போனபோது மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை ஷெட்டுக்குள் வைத்து ஓட்டுவதும் இதே ஆபத்துதான். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும்; காற்றில் அது நான்கு சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். அது லேசான வாயு, மேலே ஏறும். தட்டிக்கு மேலே விடச் சொன்ன அந்த ஓரடி இதற்கும் சேர்த்துத்தான், அதை அடைக்காதீர்கள். காரோ பைக்கோ, முதலில் திரையை முழுதாக ஒதுக்குங்கள், வண்டியை வெளியே தள்ளுங்கள், பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஜெனரேட்டருக்கு ஷெட்டில் இடமே கொடுக்காதீர்கள்.