நாற்று அம்மா கையில்... பட்டா யார் பெயரில்?

மடத்துக்குளம் பக்கத்துக் கிராமங்களில் விடிந்ததும் இரண்டு விதமான வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று, மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆள் ஏற்றிப்போகும் வேன். இன்னொன்று, நடவுக்கோ களையெடுப்புக்கோ ஆள் கூட்டிப்போகும் சரக்கு ஆட்டோ. பல வீடுகளில் முதல் வண்டியில் மகள் ஏறுவாள், இரண்டாவதில் அம்மா.

மகளுக்குக் கம்பெனி அடையாள அட்டை இருக்கிறது. பி.எஃப் எண், இ.எஸ்.ஐ அட்டை என்று சட்டப்படி சில காகிதங்கள் உண்டு (எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பது தனிக்கதை). நாற்பது வருடமாகச் சேற்றில் நிற்கும் அம்மாவிடம், ‘இவர் விவசாயி’ என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

மடத்துக்குளம் அமராவதி ஆற்றங்கரை ஊர். 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது தனித் தாலுகா ஆனது. பனியன் மாவட்டம் என்று பெயர்தான். கொழுமம், குமரலிங்கம், கணியூர் என்று போனால் கண்ணில் படுவது நெல்லும் கரும்பும் தென்னையும். 1957-ல் கட்டப்பட்ட அமராவதி அணைக்கு முன்பிருந்தே ராஜவாய்க்கால்கள் பாய்ந்த பூமி இது.

கரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கரணை நடுவது, களை எடுப்பது, சோகை உரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கைவேலை. கரும்புச் சோகையின் விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும். அதனால்தான் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு மாதம் பாடுபட்ட பிறகு, ஆலையில் கரும்புப் பதிவும் பணம் வந்து விழும் வங்கிக் கணக்கும் நிலத்துக்காரர் பெயரில்தான். நெல்லும் அப்படியே. நாற்றுப் பறிப்பதும் நடுவதும் பெண்கள். கொள்முதல் நிலையத்தில் கேட்பதோ சிட்டாவும் அடங்கலும்.

இந்தியா முழுக்க இதே நிலைதான். 2017-18 தொழிலாளர் கணக்கெடுப்புப்படி, கிராமத்தில் வேலை செய்யும் பெண்களில் 73 சதவிகிதம் பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆண்களில் 55 சதவிகிதம்தான். ஆனால், 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடி நிலத்துக்கு உரியவர்களாகப் பதிவான பெண்கள் 14 சதவிகிதம் பேர்!

‘நிலம் யார் பேர்ல இருந்தா என்னங்க, நம்ம வீட்டுலதானே இருக்குது?’ என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாம் நல்லபடியாக இருக்கும்வரை அந்தக் கேள்வி சரிதான். ஆனால் பயிர்க்கடன், வெள்ள நிவாரணம், மானியம் எல்லாமே பட்டாவைப் பார்த்துத்தான் வருகின்றன. வருடம் 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்திலும் நில ஆவணத்தில் பெயர் வேண்டும். இப்போது விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண்ணும் வழங்குகிறார்கள். அதற்கும் ஆதாரோடு பட்டா விவரம் தேவை. வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோனால், இத்தனை நாள் காட்டைப் பார்த்துக்கொண்ட மனைவி, வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் அலைந்து முடிப்பதற்குள் ஒரு போகம் போய்விடும்.

சரி, நிலம் ஏன் பெண்கள் பெயருக்கு வருவதில்லை? சட்டம் இல்லாமல் இல்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது. அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்து முடித்த சொத்துகளை மட்டும் தொட முடியாது. இதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டம். மற்ற மதத்தினருக்கு விதிகள் வேறு.

சட்டம் தந்ததை ஒரு கையெழுத்து எடுத்துவிடுகிறது. அதன் பெயர் விடுதலைப் பத்திரம். ‘அம்மிணிக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு, கட்டிக்கொடுத்தாச்சே’ என்று பெரியவர்கள் சொல்ல, அக்காவும் தங்கையும் ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஆனால், பங்கு கேட்டால் பொறந்த வீட்டுப் படி ஏற முடியாது. பிள்ளைகளுக்குக் காதுகுத்து வந்தால் தாய்மாமன் மடியில் யாரை உட்காரவைப்பது? ஒரு ஏக்கருக்காக அண்ணனை இழக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? சீரையும் சொத்தையும் ஒரே தராசில் வைப்பதுதான் இங்கே சிக்கல். போட்ட நகை பிள்ளைகளின் ஃபீஸுக்கு அடகுக்கடை போய்விடும். நிலம் அப்படிப் போகாது.

விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டால், ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால் தவிர, திரும்பப் பெறுவது மிகவும் கடினம். அதனால் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று யார் அழைத்தாலும், பத்திரத்தின் நகலை முன்கூட்டியே வாங்கி, விவரம் தெரிந்த வக்கீலிடம் காட்டிவிட்டுப் போவது நல்லது. உங்கள் குடும்ப நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதை, அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு மொபைலிலேயே பார்க்கலாம். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் வீடுகள் ஏராளம். புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு தகவல்: 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால், பதிவுக்கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு.

இத்தனையும் நிலம் இருக்கும் வீட்டுப் பெண்களுக்கு. சரக்கு ஆட்டோவில் நடவுக்குப் போகிறவர்களில் பலருக்கு அப்பா வீட்டிலும் நிலமில்லை, மாமியார் வீட்டிலும் இல்லை. குறிப்பாக, தலித் பெண்களுக்கு வாரிசுரிமைச் சட்டத்தால் என்ன பிரயோஜனம்? பங்கு போட ஏதாவது இருந்தால்தானே!

இதற்கு வழி காட்டியவர், பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து 1981-ல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கி, கீழத்தஞ்சைப் பகுதியில் மிராசுதாரர்களோடு பேசி, வங்கிக்கடன் ஏற்பாடு செய்து, கூலிக் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக்கொடுத்தார். குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர். பத்திரம் வீட்டுப் பெண்ணின் பெயரில். குடிக்கும் கடனுக்கும் அந்த நிலம் போய்விடக் கூடாது என்ற கணக்கு. 2020-ல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

இப்போது அரசிடமும் அப்படி ஒரு திட்டம் இருக்கிறது. தாட்கோ மூலம் நடக்கும் ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’. நிலமில்லாத ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண் விவசாயக் கூலிகள் நிலம் வாங்க, விலையில் பாதி அல்லது அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். முத்திரைத்தீர்வை, பதிவுக்கட்டணம் கிடையாது. விவரங்களை மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் கேட்கலாம். பட்டா, வாங்கும் பெண்ணின் பெயரில்தான் வரும்.